என் முட்டிக்காகப் போட்ட வழி

மலை ஏறுறவன் எவனையாவது கேட்டுப் பாருங்க. ஏறுனதப் பத்தி ஒரு மணி நேரம் பேசுவான். எப்படிடா எறங்கினேனு கேட்டா, "எறங்கினோம்"னு ஒரே வார்த்தையில முடிச்சிடுவான். எனக்கு அப்படி இல்ல. எனக்கு எறக்கம் மட்டும்தான் ஞாபகத்துல இருக்குது. மறந்து தொலையணும்னுதான் பாக்கறேன். எழவு, மறக்க மாட்டேங்குது.

நான் பழவேற்காட்டு ஏரிக்காரன். எங்க வீட்டுல படகு கெடையாது, கையால இறால் தடவுற குடும்பம். தண்ணி கொறச்சலா இருக்கிற எடமா பாத்து, சேத்துல முட்டி போட்டு, ரெண்டு கையையும் விரிச்சி தடவிக்கினே போவணும். மாட்டுனத கழுத்துல தொங்குற கூடையில போடணும். சின்ன வயசுலேருந்து முப்பது வயசு வரைக்கும் நான் நடந்ததவிட முட்டி போட்டதுதான் ஜாஸ்தி. அப்புறம் மீஞ்சூர் பக்கம் ஒரு கம்பெனியில வேலை கெடச்சிது. உசரமான தொட்டிங்கள கயித்துல தொங்கிக்கினு கழுவுற வேலை. அங்க எங்களுக்குக் கயிறு கட்டக் கத்துக்குடுத்தவரு லீவு நாள்ல மலையேறுவாரு. ஒரு தடவ என்னக் கூட்டிக்கினு போனாரு. அடுத்த தடவ நான் என் தோஸ்தக் கூட்டிக்கினு போனேன். அவ்ளோதான், ரெண்டு பேருக்கும் பைத்தியம் புடிச்சிக்கிச்சி.

தோஸ்து எங்க பக்கத்துல இருக்கிற கோட்டைக்குப்பத்துக்காரன். படகு வச்சிருந்தான். கயிறுன்னா அவனுக்கு நான் ஒண்ணும் சொல்லித் தரவேண்டியதில்ல. நாங்க கயித்த தோள்ல மாட்டிக்கினு பொன்னேரிக்கு பஸ் ஏறும்போது கரையில கேலி பண்ணுவாங்க. "இன்னாடா, மலையில வஞ்சிரம் மாட்டுதா?"ம்பாங்க. "மாட்டுச்சினா உனக்கு தலையக் குடுக்கறேன், போடா"ம்பான் அவன்.

எங்க ரெண்டு பேருக்கும் புடிச்ச பாறை ஒண்ணு ஆரம்பாக்கத்துக்கு மேக்கால, ஆந்திரா பக்கம் இருக்குது. அஞ்சு கயிறு ஒசரம். ஒரு கயிறு நீளத்துக்கு ஏறி, ஒரு திட்டுல நின்னு, பாறையில அடிச்சிருக்கிற கொக்கியில நம்மளக் கட்டிக்கினு, அப்புறம் அடுத்த கயிறு ஏறணும். அந்த மாரி அஞ்சு தடவ. உச்சியிலேருந்து எறங்கறதுக்கு ரெண்டு வழி. ஒண்ணு பின்பக்கமா ஒத்தையடிப் பாத. மூணு மணி நேரம், முழுக்க இடுப்பளவு கல்லு, குதிச்சி குதிச்சி எறங்கணும். நாங்க எப்பவும் அதுலதான் எறங்குவோம். இன்னொண்ணு முன்பக்கமே கயித்துல தொங்கிக்கினு எறங்கறது. ரெண்டு கயித்த முடி போட்டு, கொக்கி வழியா வுட்டு, எறங்கி நின்னுக்கினு கீழேருந்து ஒரு பக்கத்த இழுக்கணும். கயிறு மொத்தமா நம்ம கைக்கு வந்துடும். அத வச்சி அடுத்த எறக்கம். அங்கங்க முடிச்சு சிக்கிக்கும், அதனால அந்தப் பாறையில யாரும் முன்பக்கமா எறங்க மாட்டாங்க.

ஒரு வருசம் என் முட்டி போயிடுச்சி. பொன்னேரில டாக்டரு படத்த வெளிச்சத்துல காட்டி, ரெண்டு எலும்புக்கு நடுவுல இருக்கவேண்டியது தேஞ்சி போச்சுனாரு. "ஏறுனாக்கூட பரவால்ல. எறங்காதீங்க. எறங்கும்போதுதான் மொத்த வெயிட்டும் முட்டியில வுழுவும்"னாரு. "ஏறினவன் எறங்காம மேலயே சாமியாரா உக்காந்துடறதா சார்?"னு கேட்டேன். அவரு சிரிக்கல.

தோஸ்துகிட்ட நான் சொல்லல. ஏன் சொல்லலனு நீங்க கேப்பீங்க. மானம்தான், வேற இன்னா? ரெண்டு பேருக்கும் நாப்பத்தெட்டு. அவன் மாடு மாரி இருக்கறான், நான் மட்டும் கெழவனாயிட்டேனு என் வாயாலயே சொல்லணுமா? சொன்னா அடுத்த தடவ என்ன வுட்டுட்டு போயிடுவானோனு வேற ஒரு பயம். அதனால நான் இன்னா பண்ணேன், ஒரு நோட்டுல அந்தப் பாறைய வரைஞ்சி, முன்பக்கமா மூணு எறக்கம்னு கணக்கு போட்டேன். எந்தக் கொக்கியிலேருந்து எந்தத் திட்டுக்கு, கயிறு எட்டுமா எட்டாதா, எல்லாம். முட்டிய ஒரு எடத்துலயும் மடக்கவேண்டியதில்ல. மூணு வாரம் அதே வேலையா உக்காந்து போட்டேன். அவனுக்குக் காட்டவே இல்ல.

காட்டாததுக்கு எங்க கரைப் பழக்கமும் தோதா இருந்துச்சி. எங்க பக்கம் கெளம்பறவன "எப்போ வருவே"னு கேக்கவே கூடாது. கடலுக்குப் போறவன் திரும்பி வர்றது அவன் கையிலயா இருக்குது? கேட்டா வாய் வச்ச மாரி, போறவன் திரும்ப மாட்டான்னு நம்புவாங்க. பொண்டாட்டிகூட கேக்க மாட்டா. போறவனும் "வரேன்"னு மட்டும்தான் சொல்லுவான், எப்போனு சொல்லாமதான் படகுல காலு வைப்பான். திரும்பற பேச்சையே எடுக்காத ஊர்ல, எப்படி எறங்கறதுனு ஒருத்தன் பேசலனா யாருக்கு சந்தேகம் வரும்?

கெளம்பற அன்னிக்கு விடிகாலையில அவன் வீட்டு வாசல்ல நின்னேன். அவன் செருப்பு மாட்டிக்கினு இருந்தான். அவன் சம்சாரம் வெளிய வந்து, அவனப் பாக்காம என்னப் பாத்து, "எப்போ வருவீங்கண்ணா?"னு கேட்டா.

அவ மாமியாரு பாத்திரம் கழுவிக்கினு இருந்தவங்க, "அய்யய்யோ, கெளம்பற நேரத்துல இன்னாடி கேள்வி இது!"னு தலையில அடிச்சிக்கினாங்க. எனக்கும் சுருக்குனு கோவம் வந்துச்சி. "இன்னாம்மா, நீயும் இந்தக் கரையில பொறந்தவதானே? தெரியாது உனக்கு?"னு கத்திட்டேன். அவ என்னையே பாத்துக்கினு நின்னா. அவன்தான் சிரிச்சிக்கினே, "வுடும்மா, வரேன்"னு சொல்லிட்டு நடந்தான். ரெண்டு பையில கனமானத அவன் எடுத்துக்கினான்.

ஏத்தத்துல ஒரு கொறையும் இல்ல. மத்தியானம் உச்சியில உக்காந்து கட்டுச்சோத்தப் பிரிச்சி சாப்பிட்டோம். சாப்பிட்டு முடிச்சதும் நான் பொய்ய அவுத்து வுட்டேன். "பின்பக்கமா போனா ஆரம்பாக்கத்துல சாயந்தர ரயில வுட்டுடுவோம்டா. முன்பக்கமே எறங்கிடலாம்." ரயிலுக்கெல்லாம் வேண்டிய நேரம் இருந்துச்சி. அவன் கொஞ்ச நேரம் என்னையே பாத்தான். "சரிடா, உன் இஷ்டம்"னான். அப்பாடா, நம்பிட்டான்னு நெனச்சேன். எவ்ளோ பெரிய கில்லாடி நானு!

மொத எறக்கம் சுத்தமா முடிஞ்சிது. ரெண்டாவதும் எறங்கி, ஒரு கட்டில் அகலத்துக்கு இருந்த திட்டுல நின்னோம். ஒரே ஒரு எறக்கம்தான் பாக்கி. கயித்த இழுத்தோம். பாதி வந்துச்சி, அப்புறம் வரல. ரெண்டு கயித்தையும் சேத்துப் போட்ட முடிச்சு, மேல நாலு ஆளு ஒசரத்துல ஒரு பொளவுல போய் சிக்கிக்கிச்சி. ரெண்டு பேரும் தொங்கிப் பாத்தோம். ம்ஹூம். இன்னொரு முனை எங்க கைக்கு எட்டாம மேல ஏறிடுச்சி. கைக்கு வந்த பாதிய ஒடம்புல கட்டிக்கலாம்னா, முடிச்சு கழண்டா அதுவும் கூடவே வந்துடும். வேற கயிறு இல்ல, இருந்த ரெண்டும் அதுதான்.

நான் போறேன்னு சொல்லியிருக்கணும். என் திட்டம், என் பொய்யி, நான்தானே போவணும்? வாயத் தொறக்கறதுக்குள்ள அவன் என் தோள அமுக்கி, "நீ உக்காருடா"னான். உக்காந்துட்டேன். உக்காந்துட்டேன், கேட்டீங்களா?

கயிறு இல்லாம ஏறுனான். பொளவு வரைக்கும் போயிட்டான். ஒரு கையால பாறையப் புடிச்சிக்கினு, இன்னொரு கையால முடிச்ச ஆட்டி ஆட்டி எடுத்தான். "வந்துடுச்சிடா!"னு சொன்னது காதுல வுழுந்துச்சி. முடிச்சு படக்குனு கழண்டதுல அவன் பின்னால சாஞ்சிட்டான். திட்டோட ஓரத்துல ஒரு தடவ பட்டான். அப்புறம் இல்ல. அவன் போனதுக்கப்புறம் கயிறு சரசரனு வந்து என் காலடியில வுழுந்துச்சி.

எவ்ளோ நேரம் கத்தினேனு தெரியல. கீழேருந்து பதில் இல்ல. அப்புறம் நான் எழுந்து, என் நோட்டுல எப்படிப் போட்டு வச்சிருந்தேனோ அதே மாரி கயித்த கொக்கியில வுட்டு, கடைசி எறக்கத்த எறங்கி அவன்கிட்ட போய்ச் சேந்தேன். முட்டியில ஒரு வலி இல்ல. ஒண்ணுமே இல்ல. என் திட்டம் அவ்ளோ நல்லா வேலை செஞ்சிது.

சாவு வீட்டுல அவன் அம்மா மார்ல அடிச்சிக்கினு, "கேட்டாளே பாவி, கெளம்பற புள்ளைய வாய் வச்சாளே"னு அழுதாங்க. அது பந்தல் முழுக்கப் பரவிடுச்சி. ஒரு பெரிய மனுசன் என்கிட்ட வந்து, "அவ நெசமாவே கேட்டாளாப்பா?"னு விசாரிச்சாரு. நான் "கேட்டா"னேன். பொய் இல்ல அது. ஆனா ரயிலப் பத்தி சொன்ன பொய்யவிட அந்த உண்மைதான் பெரிய அயோக்கியத்தனம். சொல்லிட்டு, போய் ஓரமா உக்காந்து டீ குடிச்சேன்.

அவளுக்குப் பொழப்பு கரையிலதான். படகு வந்ததும் ஏலத்துல நண்டும் மீனும் எடுத்து பொன்னேரி மார்க்கெட்டுக்கு கொண்டு போவா. மொதல்ல, படகு கெளம்பும்போது அவ எதிர்ல வரக்கூடாதுனாங்க. அப்புறம் ஏலத்துக்கும் வரவேணாம்னு ஆச்சி. மத்த பொம்பளைங்க எடுத்து முடிச்சது போவ, மிச்சம் மீதிய அவங்க கைலேருந்து வாங்கி வித்தா. பஸ்ஸுல அவ கூடையப் பாப்பேன். அடியில கொஞ்சம் காரப்பொடி, வெல போவாத பொடி மீனுதான் கெடக்கும். ஒம்போது மாசம் நான் வாயத் தொறக்கல. நானெல்லாம் சோத்துல உப்பு போட்டுதான் தின்னேனா?

ஒரு நாள் தாங்க முடியாம அவ வீட்டுக்குப் போனேன். நண்டு கழுவிக்கினு இருந்தா. நின்னுக்கினே எல்லாத்தையும் கொட்டிட்டேன். முட்டி, டாக்டரு, நோட்டு, ரயிலு. அவ கைய நிறுத்தவே இல்ல.

"தெரியும்ணா"னா.

"இன்னா தெரியும்?"

"உங்களுக்கு முட்டி போச்சுனு. நீங்க பஸ்ஸுலேருந்து எறங்கறதப் பாத்தே அவரு கண்டுபுடிச்சிட்டாரு. 'ரோஷக்காரன், வாயால சொல்ல மாட்டான். கடைசியா ஒரு தடவ ஏத்திட்டு, அவன் எந்தப் பக்கமா எறங்கணும்னு சொன்னாலும் பத்திரமா எறக்கிடறேன்'னாரு." அப்புறம்தான் தலைய நிமித்தினா. "அதனாலதான் உங்களக் கேட்டேன். அவர இல்ல, உங்களத்தான் கேட்டேன். எப்போ வருவீங்கனு கேட்டா, எப்படி எறங்கப் போறோம்னு அப்பவாவது சொல்லுவீங்கனு பாத்தேன். நீங்க என்னத் திட்டினீங்க."

எனக்கு அழுகை வந்துடுச்சி. சின்னப் புள்ள மாரி அழுதேன். "எங்கிட்ட அழுது இன்னா புண்ணியம்?"னா. "கரையில போய் சொல்லுங்க."

மறுநாள் விடியும்போது கரைக்குப் போனேன். படகு தள்ள எல்லாரும் நின்னுக்கினு இருந்தாங்க. ஒண்ணு வுடாம சொன்னேன். நான் பொய் சொன்னேன், நான்தான் அந்த வழிய எடுத்தேன், அவ மேல ஒரு குத்தமும் இல்லனு. பந்தல்ல என்ன விசாரிச்ச அதே பெரிய மனுசன் கடைசியா, "எல்லாம் சரிதான்பா. ஆனா கேட்டது கேட்டதுதானே? அவ வாய் வச்சதாலதான் உனக்கே அந்த புத்தி வந்துச்சி"னாரு. சுத்தி நின்னவங்க தலைய ஆட்டுனாங்க.

அங்க எனக்கு வந்த கோவம் என் ஜென்மத்துல வந்ததில்ல. தண்ணியில எறங்கி மொத படகுகிட்ட போய், "எப்போடா வருவே?"னு கத்தினேன். அடுத்த படகுக்கு ஓடினேன். "நீ எப்போ வருவே?" ஓடுனேன்னா, நொண்டி நொண்டிதான். ஒரு படகு வுடல. ஒருத்தன் துடுப்ப ஓங்குனான். இன்னொருத்தன் என் அம்மாவ இழுத்துத் திட்டுனான். எங்க நைனா வயசு ஆளு ஒருத்தரு மண்ண வாரி என் மூஞ்சில எறிஞ்சாரு. நான் கடைசி படகு வரைக்கும் கேட்டுட்டுதான் கரையேறினேன்.

மத்தியானம் வரைக்கும் வெயில்ல அங்கயே உக்காந்து கெடந்தேன். உள்ளுக்குள்ள எனக்கும் பயம்தான், நானும் அந்தக் கரைக்காரன்தானே. படகுங்க ஒவ்வொண்ணா வந்துச்சிங்க. மொத்தமும் வந்து சேந்துச்சி. யாரும் என்கூட பேசல, இன்னிக்கு வரைக்கும் பாதிப் பேரு பேசறதில்ல.

அடுத்த நாள் அவ கூடையத் தூக்கிக்கினு ஏலத்துக்கு வந்து நின்னா. வாம்மானு யாரும் சொல்லல, போம்மானும் சொல்லல. ரெண்டு குவியல் நண்டு எடுத்தா. என்னத் தாண்டிப் போகும்போது மூஞ்சப் பாக்கல. பாக்கவேணாம்.

அன்னிக்கு கரையில அத்தன பேரையும் கேட்டேன். அவன மட்டும் கேக்கல. அந்த உச்சியில பக்கத்துல உக்காந்து சோறு தின்னுக்கினு இருந்தானே, எனக்கு முட்டி போச்சிடா, எப்படி எறங்கலாம்னு ஒரு வார்த்த அவனக் கேட்டிருக்கலாம்.