அப்பா வரைந்த படகும் எட்டுப் பேரின் தோளும்

இறந்தவருக்குப் போடும் நினைவு மலர் என்றால் பிறப்பிடம், வசிப்பிடம் என்று இரண்டு இருக்கும். அப்பாவின் பிறப்பிடம் முல்லைத்தீவுக் கரையில் ஒரு மீன்பிடிக் கிராமம். வசிப்பிடம் மாத்தளை, அலுவிகாரை. அவருடைய மூத்த மகளாகிய நான் முப்பது நாட்களாக இந்தக் கட்டுரையை எழுதிக் கிழித்து, எழுதிக் கிழித்து, அம்மாவிடம் ஏச்சும் வாங்கிவிட்டேன். நல்லதை மட்டும் எழுதினால் போதும் என்கிறார் அம்மா. நல்லதையும் எழுதுகிறேன். ஆனால் படகு விஷயத்தை விட்டுவிட்டு அப்பாவை எழுத எனக்குத் தெரியவில்லை.

அப்பா குடும்பத்தில் மூத்தவர். மீனவர் வீட்டில் பிறந்தும் கடல் அவருக்கு ஒத்துவரவில்லை. படகில் ஏறினால் வாந்தி. அவருடைய தகப்பனார் இரண்டு வருடம் கூட்டிப்போய்ப் பார்த்துவிட்டு, நீ படி என்று கரையில் விட்டுவிட்டார். அப்பாவுக்குப் பதிலாகப் படகில் ஏறியவர் தம்பி, எங்கள் சித்தப்பா. அப்போது சித்தப்பாவுக்குப் பதினான்கு வயது. பள்ளிக்கூடம் அத்தோடு முடிந்தது.

அப்பா படவரைஞராக அரசாங்க உத்தியோகம் பெற்று, மாத்தளைக்கு மாற்றலாகி வந்து, இங்கேயே வீடு கட்டினார். மதகு, பாலம், கால்வாய் என்று ஓய்வு பெறும்வரை படம் கீறினார். ஒரு கோடு மயிரிழை பிசகினாலும் புதுத் தாளில் தொடங்குவார். ஒரு தேங்காய்கூடக் கையூட்டாக வாங்கியதில்லை. எல்கடுவத் தோட்டத்துத் தொழிலாளர் லயங்களிலிருந்து யார் வந்தாலும் சிங்களத்தில் படிவம் நிரப்பிக் கொடுத்து, தேநீரும் கொடுத்து அனுப்புவார். எல்லாம் உண்மை. ஆனால் தன்னால் தம்பியின் படிப்புப் போய்விட்டது என்ற எண்ணம் மட்டும் அவரை விடவே இல்லை.

சித்தப்பாவின் பழைய படகில் வெடிப்பு விழுந்து, இனி ஒட்ட இடமில்லை என்றானபோது, புதுப் படகு செய்து கொடுப்பது தன் பொறுப்பு என்று அப்பா அறிவித்தார். சித்தப்பாவுக்கு முதுகு வருத்தம். தட்டை அடிப் படகு அலையில் எழும்பி விழும்போது ஒவ்வோர் அடியும் முதுகில்தான் இறங்கும் என்று அப்பா எங்கோ வாசித்திருந்தார். ஆகவே தட்டை அடியா, அலையை வெட்டிப் போகும் கூர் அடியா, இரண்டுக்கும் நடுவிலா என்று ஏழு மாதம் ஆராய்ந்தார். உக்குவளையில் மரக்கடை வைத்திருக்கும், எல்லோரும் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணனைக் கொண்டு முழ நீளத்தில் மூன்று மாதிரிகள் செய்வித்தார். அவற்றை எங்கள் கொல்லைப்புறத்துச் சீமெந்துத் தொட்டியில் நூல் கட்டி இழுத்துப் பார்த்தார். அம்மா உடுப்புத் தோய்க்கப் போனால், தண்ணீர் இப்போதுதான் அடங்குகிறது, பொறும் என்பார். அம்மா வாளியைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனது தெருவுக்கே தெரியும். சுது கங்கை ஆற்றிலும் முழங்கால் தண்ணீரில் நின்று இழுத்தார். எல்லாச் சோதனையிலும் கூர் அடிதான் வென்றது.

மாதிரிகளைக் கொடுத்த அன்றே மரக்கடை நானா கேட்டார்: "ஐயா, இதுல கடலுக்குப் போறவர்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"அவன் சின்னப் பெடியன். அவனுக்கு என்ன தெரியும்?" என்றார் அப்பா.

அந்தச் சின்னப் பெடியனுக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. பக்கத்தில் நின்ற எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் வாய் திறக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் மூத்தவர் சொன்னதற்கு மறுசொல் கிடையாது. படம் முடிந்ததும் அப்பா அதைத் தபாலில் அனுப்பினார். அண்ணை கீறினால் சரியாகத்தான் இருக்கும் என்று சித்தப்பாவும் பதில் சொல்லிவிட்டார்.

அப்பாவின் காசில் அங்கேயே கட்டிய படகு கடலில் அருமையாக ஓடியது. அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அந்தக் கிராமத்தில் இறங்குதுறை இல்லை. தொழிலுக்குப் போய் வந்த படகை ஒவ்வொரு நாளும் மணலில் தள்ளி ஏற்ற வேண்டும். தட்டை அடி என்றால் நாலு பேர் போதும். அப்பாவின் கூர் அடியோ கலப்பை மாதிரி மணலில் புதைந்து ஒரு பக்கம் சாய்ந்துவிடும். அதற்கு எட்டுப் பேர் வேண்டும். மற்றப் படகுகள் வந்து ஆட்கள் சேரும்வரை சித்தப்பா இடுப்பளவு தண்ணீரில் படகைப் பிடித்துக்கொண்டு நிற்பார். மீன் வெயிலில் கிடக்கும். அலையில் அடிபடாத முதுகு மணலில் அடிபட்டது. தொட்டியில் கரை இல்லை. அதனால் கரையேற்றுவது அப்பாவின் நினைவிலேயே வரவில்லை.

அந்த ஊர்க் கோயில் பொங்கலுக்குப் போன இடத்தில் இதை நான் கண்ணால் கண்டேன். என்னைக் கண்டதும் சித்தப்பாவுக்குக் களவில் பிடிபட்டவர் முகம்.

"அண்ணைக்குச் சொல்லிப்போடாதை பிள்ளை. ஆசையாக் கீறினவர்."

"நீங்களே சொல்லிருங்க சித்தப்பா. எவ்வளவு நாளைக்குத்தான் இப்படி?"

"கடலுக்கை நல்லாத்தானே ஓடுது" என்றார்.

இரண்டு வருடம் நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் அப்பா போனில் படகைப் பற்றிக் கேட்பார்; சித்தப்பா பிரமாதமாக, 'அந்த மாதிரி' ஓடுவதாகச் சொல்வார். அப்பா எங்களைப் பார்த்துப் பெருமையாகத் தலையாட்டுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். யார்மீது என்றுதான் தெரியாது.

இந்த வருடத் தொடக்கத்தில், நெஞ்சு வருத்தம் வந்து தேறிய கையோடு, தம்பியைப் பார்க்க வேண்டும் என்று அப்பா அடம்பிடித்தார். கூட்டிப்போனேன். மறுநாள் காலை யார் தடுத்தும் கேளாமல் கரைக்குப் போய்விட்டார். படகு வந்தது. சித்தப்பா தண்ணீரில் நின்றார். ஆட்கள் ஒவ்வொருவராகச் சேர்ந்தார்கள். அப்பா பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு கைத்தடியை மணலில் போட்டுவிட்டு, ஒன்பதாவது ஆளாகப் போய்த் தோளைக் கொடுத்தார். படகு ஏறியதும் மூச்சிரைக்கச் சொன்னார்:

"தம்பி, கடலைத்தான் பாத்துக் கீறியிருக்கிறன். கரையைப் பாக்கேல்லை."

சித்தப்பா அப்போதும், கடலில் நன்றாக ஓடுகிறதே அண்ணை என்றுதான் சொன்னார்.

திரும்பி வரும்போது தம்புள்ளை தாண்டியதும் அப்பா என்னைப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"உனக்குத் தெரியுமோ?"

"தெரியும் அப்பா. ரெண்டு வருசமா."

யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். என்னை ஏசியிருக்கலாம். ஏசாதது இன்னும் வலிக்கிறது.

மறுநாளே புதுத் தாள் விரித்தார். பக்கங்கள், முன்முனையான அணியம், இயந்திரம் பூட்டும் இடம் எல்லாம் மூன்றே நாளில் முடிந்தன. அடிப்பாகத்தில் மட்டும் கோடு இல்லை. ஏன் என்று கேட்டேன். தம்பியைக் கேட்டுத்தான் போட வேண்டும், வரச் சொல்லு என்றார். தொழில் குறைந்ததும் வருவதாகச் சித்தப்பா சொன்னார். அதற்குள் அப்பா மாத்தளை ஆஸ்பத்திரியில் கண்ணை மூடிவிட்டார்.

போன கிழமை, முப்பத்தோராம் நாள் காரியங்களுக்காக வந்த சித்தப்பாவிடம் அந்தப் படத்தைக் கொடுத்தேன். அண்ணையின் கைவேலை, கண்ணாடி போட்டு மாட்டுவோம் என்றார். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"கண்ணாடி போட வேணாம் சித்தப்பா. கோட்டப் போடுங்க" என்று பென்சிலைக் கையில் திணித்தேன்.

மாலை போட்டிருந்த அப்பாவின் புகைப்படத்தைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். பிறகு அடியில் ஒரே ஒரு கோடு போட்டார். ஏறக்குறையத் தட்டை, முன்பக்கம் மட்டும் கொஞ்சம் கூர்.

"இப்பிடியெண்டால் தள்ளி ஏத்த நாலு பேர் காணும்" என்றார்.

அந்தப் படம்தான் இம்மலரின் பின் அட்டையில் இருக்கிறது. அடிப்பாகத்துக் கோடு நடுங்குகிறது, திருத்தட்டுமா என்று அச்சகத்தில் கேட்டார்கள். தொடவே கூடாது என்று சொல்லிவிட்டேன்.

அப்பாவைப் பராமரித்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு வரை எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டவிடாமல் சமைத்துத் தந்த அலுவிகாரை அயலவர்களுக்கும், கேட்க வேண்டியதைக் கேட்ட உக்குவளை நானாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கரையிலிருந்து வான் வண்டி பிடித்து வந்து, எங்கள் வீட்டுச் சரிவில் பாடையைச் சுமந்து இறக்கிய அந்த எட்டுப் பேருக்கும் நன்றி. அப்பா செய்வித்த பாரத்தை மூன்று வருடம் முகம் சுளிக்காமல் தள்ளினீர்கள். கடைசியில் அப்பாவையும் தூக்கினீர்கள். நீங்களாவது அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, அண்ணைமாரே.