எலும்பில்லாமல் தெளிந்த தேன்மது

ஊரில் போர் முடிந்த அந்த வருடம், நாங்கள் புலம்பெயர்ந்து வந்து குடியிருந்த மோர்னிங்சைட் வீட்டில் ஒரு சாடித் தேன்மது தெளிய மாட்டேன் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தது. தேனும் தண்ணீரும் ஈஸ்டும் கலந்து நானே புளிக்கவைத்தது. நுரை அடங்கி இரண்டு மாதமாகியும் அரிசி கழுவிய தண்ணீர் போலக் கலங்கியே நின்றது.

பக்கத்து நகரமான விட்பியிலிருந்து வந்த அத்தான், என் கணவரின் அண்ணன், அதைப் பார்த்துச் சிரித்தார். வீட்டிலேயே வைன் போடுகிறவர். அந்த விஷயத்தில் தன்னை விட்டால் ஆளில்லை என்ற நினைப்பு அவருக்கு.

"கொஞ்சம் ஜெலட்டின் போடும். ரெண்டு மூண்டு நாளிலை தெளிஞ்சிடும்."

"அது எலும்பிலை செய்யிறதெல்லோ, அத்தான். நான் சைவம்."

"குடிக்கிற சாமானிலை என்ன சைவம்? போடாட்டி உது சென்மத்துக்கும் தெளியாது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "தெளிய வைச்சு உங்களுக்கே ஊத்தித் தாறன், பாருங்கோ" என்றேன். சொன்ன பிறகுதான் எப்படித் தெளியவைப்பது என்று யோசித்தேன்.

ஒருநாள் கடையில் ஜெலட்டின் பக்கெற்றைக் கையில் எடுத்தும் விட்டேன். போட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? எனக்குத் தெரியும். வைத்துவிட்டு வந்தேன்.

அடியில் படிந்த மண்டி கிளம்பாதபடி, மேலே நின்றதை மட்டும் ரியூப்பால் இன்னொரு சாடிக்கு இறக்கி, வாசற்படிக்குக் கீழே இருந்த குளிர் அறையில் வைத்தேன். பிறகு தொடவில்லை, தொட நேரமும் இல்லை. வன்னியில் சண்டை இறுகி, கணவரின் தம்பியிடமிருந்து ஒரு தகவலும் இல்லாமல் போனது. வேலை முடிந்த கையோடு டவுன்டவுனுக்குப் போய், சண்டையை நிறுத்தச் சொல்லும் பதாகையைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

மே மாதம் எல்லாம் முடிந்துவிட்டது என்றார்கள். ரீவியை நிறுத்தக்கூட எங்களில் ஒருவருக்கும் கை வரவில்லை. அந்தக் கிழமை ஊறுகாய்ப் போத்தல் எடுக்கக் குளிர் அறைக்குப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். சாடிக்குப் பின்னால் இருந்த அரிசிப் பையின் எழுத்துகள் தேன்மதுவினூடாக ஒன்றுவிடாமல் தெரிந்தன. அப்படியொரு நாளில் சந்தோஷப்படுகிறேனே என்று வெட்கமாக இருந்தது. ஆனாலும் சந்தோஷம் சந்தோஷம்தான். யாரிடமும் சொல்லவில்லை.

ஜூலையில், தம்பி முகாமில் உயிரோடு இருக்கிறான் என்று தொலைபேசி வந்தது. அன்று பின்னேரமே அத்தான் வந்துவிட்டார். கேட்காமலே ஒரு கிளாஸில் ஊற்றி நீட்டினேன். யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், திருப்பித் திருப்பிப் பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. குடித்தார்.

"உண்மையா ஒண்டும் போடேல்லையோ?"

"ஒண்டும் போடேல்லை, அத்தான்." என் குரலில் இருந்த மிதப்பை நான் மறைக்க முயலவில்லை.

கிளாஸைக் கீழே வைத்தார்.

"தம்பி குடிப்பான், ஆனா மச்சம் மாமிசம் தொடமாட்டான். ஜெலட்டின் போட்ட என்ரை வைனை அவனுக்குக் குடுக்கேலாது" என்றார். "அவன் வரேக்கை குடுக்க, உம்மடையிலை ஒரு போத்தல் எடுத்து வையும்."

நான் ஆறு எடுத்து வைத்தேன்.