ஆமென் சொல்லும் வரை

ஆண்டவருக்குள் பிரியமானவர்களே, ஜெபத்தால் ஒரு உயிர் பிழைத்தது என்று சாட்சி சொல்ல எல்லோருக்கும் ஆசை. எனக்கும் அப்படி ஒன்று உண்டு. ஆனால் என் ஜெபம் நீண்டுபோனதால் ஒரு குழந்தை செத்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது உண்மையான சாட்சி.

அப்போது சங்கராபுரத்தில் தையல் கடை வைத்திருந்தேன். புதன்கிழமைதோறும் கடையை அடைத்துவிட்டு, மலையில் கரியாலூருக்கு மேலே ஒரு சிற்றூருக்கு ஊழியத்துக்குப் போவேன். எனக்கு வாய் ஜாஸ்தி. ஜெபிக்க ஆரம்பித்தால் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. மலை ஜனங்களுக்கு நான் முதலில் கற்றுக்கொடுத்ததே இதுதான்: ஜெபம் நடக்கும்போது கண்ணை மூடணும், ஆமென் சொல்லும் வரை யாரும் பேசக் கூடாது.

எண்பத்தேழாம் வருஷம். இட ஒதுக்கீடு கேட்டு மறுநாளிலிருந்து ஒரு வாரம் சாலை மறியல் என்று சொல்லியிருந்தார்கள். மறியல் முடியும்வரை மலையிலேயே தங்கி ஊழியம் செய்யலாம் என்று சந்தோஷமாக ஏறிப்போனேன். அன்று உபவாச ஜெபம். நிறைமாதமாக இருந்த சின்னப்பொண்ணு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அந்த ஊரில் முதலில் விசுவாசத்துக்கு வந்தவள் அவள்தான்.

"அக்கா..." என்றாள். நான் கண்ணைத் திறக்காமல் கையை உயர்த்தி அடக்கினேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "அக்கா..." என்றாள். அவள் தலைமேல் கை வைத்து, சத்தமாக அவளுக்காகவே ஜெபித்தேன். என்ன பெருமை எனக்கு!

ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தபோது அவள் முகம் வெளுத்திருந்தது. "நேத்துலேந்து புள்ள அசையலக்கா. ஜீப்புல கீழ போவலாமான்னு கேக்க வந்தேன்." வெளியே ஓடிப் பார்த்தேன். கீழே போகும் கடைசி ஜீப் போய்விட்டிருந்தது.

காலையில் அவளுக்கு ரத்தப்போக்கு ஆரம்பித்தது. வெள்ளிமலையிலிருந்து அவள் புருஷன் எப்படியோ ஒரு ஜீப்பைக் கூட்டிவந்தார். மலையடிவாரம் தாண்டியதும் வண்டி நின்றது. சாலைக்குக் குறுக்கே புளியமரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். அதற்கு அந்தப் பக்கமும் மரங்கள்.

இறங்கி, அவளை மடியில் போட்டுக்கொண்டு ரோட்டிலேயே உட்கார்ந்தேன். ஜெபிக்க வாய் திறந்தால் அழுகைதான் வந்தது. 'ஆண்டவரே, நான் பேசினது போதும். இனி நீர் சொல்லும். இவளை மட்டும் எடுத்துக்கொள்ளாதேயும்' என்று மனசுக்குள் கேட்டேன். வானத்திலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. மடியிலிருந்துதான் வந்தது. "அக்கா, காலு ஜில்லுனு இருக்கு." வேறு எதுவும் தெரியாமல் அவள் பாதங்களைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

மறியல் கூட்டத்தில் கொடுவாளோடு நின்ற ஒரு பெரியவர் கிட்டே வந்தார். "இன்னாம்மா ஆச்சு?"

"பிரசவம். ரத்தம் நிக்கலங்க."

அவ்வளவுதான் சொன்னேன். அவர் திரும்பிக் கத்தினார். "டேய், வூட்டுலேந்து கட்டில எடுத்தாங்கடா! நின்னுக்கினு வேடிக்கை பாக்குறீங்களா?"

எந்த ஊர், எந்த ஆளுங்க என்று ஒருவரும் கேட்கவில்லை. அவளைக் கட்டிலில் படுக்க வைத்து, தாங்களே வெட்டிய மரங்களின் மேல் ஏறி இறங்கி, தோள் மாற்றித் தோள் மாற்றிச் சுமந்தார்கள். கச்சிராயபாளையத்துக்கு அந்தப் பக்கம் ஒரு டிராக்டர் கிடைத்தது. உச்சிவேளைக்குள் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டோம்.

சின்னப்பொண்ணு பிழைத்தாள். நான் கேட்டதைக் கர்த்தர் கொடுத்தார். குழந்தை வயிற்றிலேயே இறந்திருந்தது. பெண் குழந்தை. "நேத்தே கூட்டியாந்திருந்தா பாத்திருக்கலாம்மா" என்று டாக்டரம்மா மெதுவாகச் சொன்னார். அந்தத் துணிமூட்டையை என் கையில்தான் கொடுத்தார்கள்.

மறியல் முடியும்வரை ஆஸ்பத்திரியில் அவளோடு இருந்தேன். துணி துவைத்தேன், கஞ்சி ஊட்டினேன், இடுப்புக்கு வெந்நீர் ஊற்றினேன். ஜெபம் என்ற வார்த்தையையே எடுக்கவில்லை. அவள் என்னை ஒரு சொல் திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஊருக்குப் புறப்படும் அன்று காலையில் அவளே கேட்டாள். "ஜெபம் பண்ணுங்கக்கா."

"நீ பண்ணும்மா. நான் கேக்குறேன்."

கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு, "சாமி, என் புள்ளைக்கு நான் பேரு வைக்கல. நீங்களே ஒன்னு வச்சிக் கூப்புடுங்க" என்றாள். அவ்வளவுதான் அவள் ஜெபம். என்னால் ஆமென் சொல்ல முடியவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

அதற்குப் பிறகும் புதன்கிழமைகளில் மலைக்குப் போனேன். போனதும் முதலில், "இன்னா சேதி, சொல்லுங்க" என்று கேட்டு உட்கார்ந்துவிடுவேன். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகவேண்டியவர்களைக் கூட்டிப் போவேன். ஜெபம் அப்புறம்தான். கர்த்தருக்கு ஸ்தோத்திரம், அந்த மலையில் இன்றைக்கும் என்னை உள்ளே கூப்பிடுகிறார்கள்.

பிரியமானவர்களே, நீங்கள் ஜெபித்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் யாராவது மெதுவாகக் கூப்பிட்டால், பாதியில் நிறுத்துங்கள். கண்ணைத் திறந்து அவர்கள் முகத்தைப் பாருங்கள். கர்த்தர் கோபித்துக்கொள்ள மாட்டார். அவரை நம்பி நிறுத்துங்கள்.