அக்கா கடைசியாப் பாத்த நெறம்

எங்கக்காவோட வலது கை ஆள்காட்டி விரல் நுனி எப்பவும் செவந்தே இருக்கும். பாக்குறவுக மருதாணின்னு நெனப்பாக. மருதாணி இல்ல, காவி. காலையில கொல்லைக் கதவத் தெறந்து, வெளிச்சம் விழுற எடத்துல என்னைய நிறுத்துவா. மோவாயப் பிடிச்சுத் தூக்கி, அந்த விரல என் எடது கன்னத்துல வச்சு, கண்ணுக்குக் கீழ இருந்து ஒதட்டோரம் வரைக்கும் ஒரே இழுப்பா இழுப்பா. நான் கண்ண மூடிக்கிட்டு நிப்பேன். "இழுக்குதா?" ம்பா. விரலோட தோலும் சேந்து வந்தா "இழுக்குது" ம்பேன். அன்னைக்குக் காய்ச்சுனது தோத்துப்போச்சுன்னு அர்த்தம். கிண்ணத்த எடுத்துக்கிட்டு அடுப்படிக்குப் போயிருவா.

எனக்கு ஒம்பது வயசு இருக்கையில கண்ணுக்குக் கீழ ஒரு வெள்ளைப் பொட்டு வந்துச்சு. பாலு ஏடு ஒட்டியிருக்குன்னு அம்மா முந்தானையால தொடச்சுப் பாத்தாக. போகல. பெறகு அது பரவி ஒதட்டோரம் எறங்கிருச்சு. டாக்டரு, இது தொட்டா ஒட்டாது, தைரியமா இருங்கன்னு சொன்னாக. டாக்டரு சொன்னத ஊரு கேக்கணுமே. பள்ளிக்கூடத்துல எம்பக்கத்துல உக்காந்த பிள்ளைய அவுக அம்மா வந்து வேற பெஞ்சுக்கு மாத்திட்டுப் போனாக. கடையில மிச்சக் காச கையில குடுக்காம பலகை மேல வைப்பாக. எட்டாவதோட நின்னுட்டேன். அத்தா, அதான் எங்கப்பா, கம்பத்துல ஏலக்கா மண்டியில மூட்டை தைச்சுக்கிட்டு இருந்தாக, ஏன் நிறுத்திட்டீகன்னு கேட்டவுகளுக்கு "அது இஷ்டம்"னு மட்டும் சொன்னாக. அம்மாவுக்கு எம்மேல உசுரு. ஆனா மருந்து போடுறப்ப பஞ்சுல தொட்டுத்தான் போடுவாக. அது அவுகளுக்கே தெரியாது. நானும் சொன்னதில்ல. வெறும் விரலால அந்த எடத்தத் தொட்டது எங்கக்கா ஒருத்திதான்.

அக்கா பத்தாவது முடிச்சுட்டு மெயின் ரோட்டுல ஒரு பேன்சி ஸ்டோருல வேலைக்கு நின்னா. வளையல், ரிப்பன், பொட்டு, ஒதட்டுச்சாயம் எல்லாம் விக்கிற கடை. ஒருநாள் அங்கன இருந்து மூஞ்சிக்குப் பூசுற குச்சி ஒண்ணு வாங்கியாந்தா. அடியில திருகுனா மேல எந்திரிச்சு வரும், கல்யாணப் பொண்ணுகளுக்கும் நாடகக்காரகளுக்கும் பூசுறது. ஆசையாப் பூசி விட்டா. வெண்ணெ மாதிரித்தான் போச்சு, ஆனா கண்ணாடியில பாத்தா வெள்ளை மறைஞ்ச எடத்துல ரோஸா ஒரு வெள்ளைக்காரி உக்காந்திருக்கா. ரெண்டு பேரும் சிரிச்சோம். சிரிச்சு முடிச்சுட்டு அக்காவுக்குக் கோவம் வந்துருச்சு. "இங்கன எவ மூஞ்சிக்குடி இதச் செஞ்சான்? உத்தமபாளையத்துல இருந்து கூடலூரு வரைக்கும் தேடுனாலும் இந்த நெறத்துல ஒருத்தி இருப்பாளா?"ன்னு கேட்டா. அந்தக் குச்சியத் தரையில ஒரு கோடு போட்டுப் பாத்தா, ஒடைச்சு மோந்து பாத்தா, தண்டவாளத்துல வச்ச காசு மாதிரி நசுக்கிப் பாத்தா. அதுக்குப் பெறகுதான் எங்க வீட்டு அடுப்படி கெட்டுச்சு.

மொதல்ல மெழுகுவத்திய உருக்கி, தேங்கெண்ணெ ஊத்தி, முகப் பவுடரும் காவியும் கலந்தா. ஆறுனதும் பல்பம் மாதிரி ஒடஞ்சுச்சு. பெறகு மேகமலைத் தேன் விக்க வர்றவுககிட்ட தேன்மெழுகு கேட்டு வாங்குனா. அது கெட்டியா நின்னுச்சு, ஆனா கன்னத்துல வச்சா அட்டை மாதிரிக் கடிச்சுப் பிடிச்சுச்சு. தேங்கெண்ணெயக் கூட்டுனா மார்கழியில கல்லாயிரும், சித்திரையில பாயசமாயிரும். ஏலக்கா ஊருல இருந்துக்கிட்டு ஏலக்கா வாசம் இல்லாமயான்னு அத்தாகிட்டச் சொல்லி எங்கிட்டோ இருந்து ஏலக்கா எண்ணெ ஒரு சொட்டு வாங்கிவந்து விட்டா. கன்னம் தீயா எரிஞ்சு, நான் தொட்டித் தண்ணியில மூஞ்சிய முக்கிட்டு நின்னேன். அம்மா வாசல்ல இருந்து, "ஏடி, அவ மூஞ்சி என்ன, ஒனக்கு பிரியாணிச் சட்டியா?"ன்னு சத்தம் போட்டாக. அக்கா கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சா. நானும் தண்ணிக்குள்ளயே சிரிச்சேன்.

விளக்கெண்ணெயும் ரெண்டு மெழுகும் சேந்தா நிக்கும்னு கண்டுபிடிக்கவே ஒரு வருசம் ஆகியிருக்கும். நெறமும் கிட்டத்தட்ட வந்துருச்சு. செங்காவி, மஞ்சக்காவி, வெள்ளைக்கு மருந்துக்கடை ஜிங்க் பவுடரு, கடைசியில கண்மை மசி ஒரு துணுக்கு. மசி இல்லேன்னா நம்ம நெறம் நெறமாவே வராதும்பா. ஆனா வழவழப்பு மட்டும் வரல. பூசுனா மணல வச்சுத் தேய்ச்ச மாதிரி இருக்கும், ராத்திரி கழுவுறப்ப கன்னம் செவந்து கிடக்கும். காவியத் துப்பட்டாவுல சலிச்சா, மறுபடி சலிச்சா, அம்மியில போட்டு அரைச்சா. அரைக்க அரைக்க இன்னும் மோசமாச்சு. அக்காவுக்கு ஒண்ணும் பிடிபடல. "ஏன்டி, நான் அரைக்கேனா இல்ல மண்ண அள்ளிப் போடுறேனா?"ன்னு அம்மியப் பாத்தே கேட்டா.

அம்மாதான் வேற ஏதோ வேலையா வந்து, "அன்னைக்குத்தான அம்மி கொத்துனேன், தேங்கா அரைச்சு ஊத்தாம இதப் போட்டு அரைக்கீகளே, பல்லுல கல்லு கடிக்கப் போகுது"ன்னாக. புதுசாக் கொத்துன அம்மியில மொத ரெண்டு மூணு தடவை அரைக்கிறது சட்னிக்கே ஆகாது, கீழ ஊத்திருவோம். அது வீட்டுல இருக்க எல்லாருக்கும் தெரியும். காவி திங்கிற பொருளு இல்லேங்கவும் எங்களுக்கு அது தோணவே இல்ல. அம்மிக் கல்லு உதுந்த பொடியத்தான் இத்தன நாளா எங்கன்னத்துல தேச்சிருக்கா. அக்கா என் கன்னத்தப் பாத்தா, அம்மியப் பாத்தா. பெறகு அந்தக் காவிய எல்லாம் கொல்லையில கொட்டிட்டு, மருந்துக்கடையில இருந்து மருந்து அரைக்கிற பீங்கான் கல்வம் ஒண்ண இரவல் வாங்கிவந்தா. பொடியக் காஞ்சபடி மெழுகுல போடாம, விளக்கெண்ணெயில நனைச்சு மை மாதிரி அரைச்சுட்டுப் போட்டா. உருக்குனத, பள்ளிக்கூடப் பிள்ளைக காகிதம் ஒட்டுற கம் குச்சிக் குழாயக் கழுவிக் காயவச்சு, அதுல ஊத்துனா.

மறுநா காலையில கொல்லைக் கதவுகிட்ட நின்னோம். விரல் போனது எனக்குத் தெரியவே இல்ல. பூசிட்டியான்னு கண்ணத் தெறந்தா, அக்கா அழுதுக்கிட்டு நிக்கா.

அந்தச் சித்திரையில வீரபாண்டித் திருவிழாவுக்கு ராட்டினம் ஏறப் போனோம். வெயில்னா வெயிலு, அப்படி வெயிலு. குச்சி உருகல, கன்னத்துல பூசுனதும் வழியல. வளையக்கடை அம்மா என் கையப் பிடிச்சு வளையல் ஏத்திக்கிட்டே மூஞ்சிய நேரா நிமிந்து பாத்து, "ஆத்தா, பச்சைய விட ஒனக்கு மஞ்சதான் எடுக்கும்"னாக. அவ்வளவுதான் சொன்னாக. நான் ரெண்டையும் வாங்கிட்டேன். அக்கா காதுக்குள்ள, "என் சம்பளம் பூராவும் ஒனக்குத்தான், இன்னும் ரெண்டு டசன் வாங்கு"ன்னா.

பெறகு அக்காவுக்கு மஞ்சக்காமாலை வந்துச்சு. நாட்டு மருந்து குடுத்தோம், பத்தியம் இருந்தா, தேறுற மாதிரி இருந்துட்டு ஒரேயடியாச் சாஞ்சுட்டா. தேனிக்குக் கொண்டு போனோம். திரும்பி வர்றப்ப வண்டியில அவ தலை எம்மடியில இருந்துச்சு, உசுரு இல்ல. அவ மையத்தக் குளிப்பாட்டுறப்ப பொம்பளைகளோட நானும் நின்னேன். ஒரு பெரியம்மா அந்த விரலப் பிடிச்சுத் தேய்ச்சுக்கிட்டே இருந்தாக. நகக்கண்ணுல செவப்புப் போகல. "மருதாணிதான், இருக்கட்டும்"னு விட்டுட்டாக.

அதுக்குப் பெறகு எங்க வீட்டுல அவ பேரச் சொல்றதில்ல. சொன்னா அம்மா சோத்துத் தட்ட வச்சுட்டு எந்திரிச்சுருவாக. அத்தா ஒருதடவ என்னைய அவ பேரு சொல்லிக் கூப்பிட்டுட்டு, கூப்பிட்டதே தெரியாத மாதிரி வெளிய போயிட்டாக. அவ ஊத்தி வச்ச கடைசிக் குச்சி ஒண்ணு இருந்துச்சு. அவ ஒருதடவ மட்டும் தொட்டுப் பாத்திருக்கா, மேல அவ விரல் ரேகை பதிஞ்சிருந்துச்சு. நான் அதத் தொடல. பூசுனா தீந்துரும். தீந்தா என்னத்தப் பூச, எவ பூசிவிட.

அவ சம்பளம் நின்னதும் நான் தக்காளி பறிக்கப் போனேன். வேன்ல கூட வர்ற பொம்பளைக எல்லாம் தேவாரம் பக்கத்துக்காரக. என் கதை ஒண்ணும் அவுகளுக்குத் தெரியாது. மூஞ்சியில ஒண்ணும் பூசாமத்தான் போனேன். மொத நாளு பாத்தாக, ரெண்டாம் நாளும் பாத்தாக, பெறகு விட்டுட்டாக. நானும் கடைசி சீட்டுல ஜன்னலோரமா உக்காந்து மலையப் பாத்துக்கிட்டே வருவேன், யாருகிட்டயும் பேசுறதில்ல. ரெண்டு வெள்ளாமை அப்படியே போச்சு.

எங்க குப்பி, அத்தாகூடப் பொறந்தவுக, அவுக மகளுக்கு நிக்காஹ் வந்துச்சு. குப்பி வீட்டுக்கு வந்து தயங்கித் தயங்கி, "மாப்ள வீட்டுக்காரக பத்துப் பேரு வருவாக, அதப் பூசிட்டு வந்துருடி தங்கம்"னாக. அன்னைக்குக் காலையில கொல்லைக் கதவத் தெறந்து நானே நின்னேன். ரேகை அழியாம ஓரத்துல இருந்து கொஞ்சமா எடுத்துப் பூசுனேன். அதே வழவழப்புத்தான். கண்ணாடியப் பாத்தேன். வெள்ளை மறைஞ்சுருச்சு, ஆனா அந்த எடம் மட்டும் வெளுப்பாத் தனியாத் தெரியுது. குச்சி கெட்டுப்போச்சோன்னு மோந்து பாத்தேன். கெடல. பெறகுதான் கழுத்தப் பாத்தேன், கையப் பாத்தேன். வெயில்ல நான் கறுத்துப்போயிருந்தேன். வீட்டுக்குள்ளயே கிடந்த பிள்ளைக்கு அக்கா கலந்தது அது. அவ கடைசியாப் பாத்த எம்மூஞ்சியோட நெறம். அந்தப் பிள்ளை எங்கன்னத்துல உள்ளங்கை அகலத்துக்குத்தான் மிச்சம் இருந்தா.

அப்படியேதான் நிக்காஹுக்குப் போனேன். குப்பி பாத்துட்டு, "இன்னும் கொஞ்சம் தேய்ச்சு விட்டிருக்கலாம்ல"ன்னாக. எப்படித் தேய்ச்சாலும் நெறம் சேராது. பந்தியில ஓரமா உக்காந்து சாப்பிட்டுட்டு மொத பஸ்ஸுல வந்துட்டேன்.

புதுசாக் காய்ச்சலாம்தான். ஆனா மெழுகும் எண்ணெயும் எந்தளவுன்னு எனக்குத் தெரியாது. அது அவ கைக்குத்தான் தெரியும், கைப்பக்குவத்துலயே போடுவா. என்னால சேக்க முடிஞ்சது நெறம் மட்டுந்தான். அப்ப அவ குச்சியத்தான் உருக்கணும். ரொம்ப நாளு யோசிச்சேன். எடுப்பேன், திருகி மேல ஏத்துவேன், ரேகையப் பாப்பேன், எறக்கி வச்சுருவேன். வச்சுக்கிட்டா பாத்துக்கிட்டு இருக்கலாம். அவ அதப் பாக்கவா செஞ்சா?

ஒரு வெள்ளிக்கிழமை வேலைக்குப் போகாம இருந்து உருக்குனேன். கொதிக்கிற தண்ணிக்குள்ள கிண்ணத்த வச்சதும் மொதல்ல மேல்பக்கந்தான் எளகுச்சு. ரேகை அப்படியே மின்னுச்சு, பெறகு இல்ல. செங்காவியும் மசியும் விளக்கெண்ணெயில அரைச்சு வச்சிருந்தேன், கொஞ்சங் கொஞ்சமாச் சேத்தேன். அம்மா பின்னால வந்து நின்னாக. கிண்ணம் ஆடாம இருக்கக் கரித்துணியக் கொண்டாந்து பிடிச்சுக்கிட்டாக. நான் குழாய்ல ஊத்துனேன்.

மறுநா அதப் பூசிக்கிட்டு வேனுக்குப் போனேன். கதவத் தெறந்தா முன்சீட்டு அம்மா காலக் குறுக்க நீட்டிக்கிட்டு, "பாப்பா, இது தக்காளிக்குப் போற வண்டி, நீ எங்க போகணும்?"ன்னாக. நான் படியில காலு வச்சேன். என்னைய ஏற எறங்கப் பாத்துட்டு, "அடியாத்தீ, நம்ம பிள்ளையா! உன் வெள்ளைய எங்கடி விட்டுட்டு வந்த? ஆளே தெரியலயே, வண்டிய எடுக்கச் சொல்லப் பாத்தேன்"னாக. வேனே சிரிச்சுச்சு. கடைசி சீட்டுக்குப் போகவிடாம, என்னைய இழுத்துப் பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டாக.

"எந்தக் கடையில வாங்குன?"

"கடையில இல்லக்கா. எங்கக்கா செஞ்சது."

"ஒனக்கு அக்கா இருக்காளா? சொல்லவே இல்ல."

"இருந்தா"ன்னேன். அந்தம்மா என் பக்கம் திரும்பி உக்காந்தாக. வண்டி ஊரத் தாண்டிருச்சு. பெறகு மெதுவா, "அவ பேரு என்னத்தா?"ன்னாக.

சொன்னேன்.