பெலிக்ஸ் வாங்கிய பந்து

செட்டியார்பட்டி பெலிக்ஸ், மில்லில் பேல் என்கிற பஞ்சுப் பொதி தூக்குகிறவன். ராஜபாளையம் ஃபுட்பால் டீமில் சேர்ந்த அன்றே, "பேல் தூக்குறவனுக்குப் பந்தை வாங்கத் தெரியுமாலே?" என்று கேப்டன் வேல்ராஜ் எல்லார் முன்னாலும் சிரித்தான். முதல் இரண்டு மேட்சில் ஒருவனும் அவனுக்குப் பாஸ் போடவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் டீமோடு ஆடியபோது, வேறு வழியில்லாமல் யாரோ தூக்கிவிட்ட பந்தை நெஞ்சில் வாங்கி, அது தரையில் விழுமுன்னே கோலுக்குள் அடித்தான். அதற்குப் பிறகு எல்லாப் பந்தும் அவனைத் தேடி வந்தது. அந்த சீசனில் வேல்ராஜைவிட அதிக கோல் போட்டது அவன்தான்.

ஃபைனலுக்கு முந்தின நாள் பிராக்டீஸ். பந்து வெளியே போய்விட்டது. அப்புறமும் வேல்ராஜ் பாய்ந்து வந்து பெலிக்ஸின் முட்டியில் மிதித்தான்.

"வேணும்னே மிதிச்சான் சார்! நீங்க பாத்தீங்கல்ல?" என்று பெலிக்ஸ் கதறினான்.

"பாத்தேன்" என்றார் கோச். "அவனையும் வெளியேத்திட்டு நாளைக்கு யாரை வச்சு ஆட?"

டீம் ஜெயித்தது. பெலிக்ஸின் முட்டி பிறகு மடங்கவே இல்லை.

அடுத்த வருசம் மைதானத்து ஓரத்தில் நொண்டிக்கொண்டு நின்ற பெலிக்ஸைக் காட்டி, "நல்லாத்தான் ஆடுனான், உடம்பு தாங்கல" என்று வேல்ராஜ் புதுப் பையன்களிடம் சொன்னான். பையன்கள் பாவப்பட்டுப் பார்த்தார்கள். அந்தப் பார்வையைத்தான் பெலிக்ஸால் தாங்க முடியவில்லை.