வளையம் விழாத தட்டு

ஜூராகான் அக்காவுக்குக் கிருமிகளிடம் பயமில்லை. சன்னல் காற்றிடம்தான் பயம். எங்கள் மலை ஊர் மருத்துவமனை லேபில் இருபத்தாறு வருடம் சீழையும் சளியையும் கையாண்டவள், கதவிடுக்கில் காற்று வந்தால் கழுத்தில் கம்பளி சுற்றிக்கொள்வாள்.

அவள் செய்த சோதனை எளிது. கடைசிக் கட்ட மருந்தின் வில்லையை நோயாளியின் கிருமிக் கரைசலில் இரண்டு மணி நேரம் ஊறவைப்பாள். பிறகு, எந்த மருந்துக்கும் சாகும் அப்பாவிக் கிருமியைப் பரப்பிய தட்டில் அதை வைப்பாள். மறுநாள் வில்லையைச் சுற்றி வெற்று வளையம் தெரிந்தால் மருந்தில் உயிர் இருக்கிறது. தெரியாவிட்டால், நோயாளியின் கிருமி தன் நொதியால் மருந்தையே தின்றுவிட்டது.

அந்த மார்ச்சில் பெண்கள் வார்டின் மூன்றாம் கட்டில் நோயாளிக்கு வளையம் விழவில்லை. தலைமை மருத்துவர் துருஸ்பெக் தட்டைப் பார்த்து முகம் வெளுத்துப்போனார்.

"அக்கா, இங்க ஒட்டின கிருமின்னு எழுதினா நாளைக்கே விசாரணைக் கமிஷன் வந்து நிக்கும். வீட்டுலேர்ந்து கொண்டுவந்ததுன்னு எழுதுங்க."

"அந்தம்மா ரெண்டு மாசமா இங்கதானே படுத்திருக்கு?"

"கிருமிகிட்ட யாரு விலாசம் கேக்கப்போறா?"

அக்கா எழுதினாள். வீட்டுக் கிருமி என்றானபின் நோயாளியைத் தனியறைக்கு மாற்றவும் இல்லை, வார்டைக் கழுவவும் இல்லை.

அதிலிருந்து பதினோராம் நாள் அக்காவின் மகள் பெர்மெத் குதிரையிலிருந்து விழுந்து தொடையெலும்பை முறித்துக்கொண்டாள். அறுவைச் சிகிச்சை முடிந்து அவளைப் போட்டது காலியாக இருந்த ஒரே இடத்தில்: அந்த நோயாளிக்கு அடுத்த நாலாம் கட்டில். கிருமி வார்டிலேயே இருக்கிறது என்று வாயைத் திறந்தால், எப்படித் தெரியும் என்று கேட்பார்களே! அக்கா சன்னலை மட்டும் இறுக்கிச் சாத்திவிட்டு வந்தாள்.

ஐந்தாம் நாள் காய்ச்சல். காயத்தில் சீழ். லேபில் வேறு ஆளில்லாததால் மகளின் சீழை அவளேதான் தட்டில் ஏற்றினாள்.

காலையில் பார்த்தபோது வளையம் இல்லை. வில்லை மேகத்தில் புதைந்த காசுபோல் கிடந்தது.

தட்டைத் துருஸ்பெக்கின் மேசையில் வைத்தாள். "இதுவும் வீட்டுலேர்ந்து வந்ததா டாக்டர்? அந்த வீடு என்னோடது."

அவர் தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

"தலைநகர் பிஷ்கெக்கில வேற மருந்து இருக்குங்கிறாங்க." அக்கா விடவில்லை. " நொதி இருக்குன்னு எழுதிக் கேட்டாத்தான் குடுப்பாங்க. நான் எழுதப்போறேன். மூணாம் கட்டிலோட பழைய ரிப்போர்ட்டையும் திருத்தப்போறேன்."

"நம்ம ரெண்டு பேர் வேலையும் போயிடும்க்கா."

"போகட்டும்."

மத்தியானம் தலைநகரிலிருந்து போன் வந்தது. மருந்து கிளம்பிவிட்டது, அதே வண்டியில் கமிஷனும் வருகிறது, கணவாயில் பனி.

அக்கா வாசலுக்குப் போனாள். கமிஷன் என்ற சொல்லுக்கே நடுங்கியவள், அந்த வண்டி சறுக்காமல் வந்து சேரவேண்டுமே என்று நடுங்கிக்கொண்டு நின்றாள்.