நாலாவது வெடி

என் அக்கா ஊரிலிருந்து கைப்பையில் கொண்டுவந்தவற்றில் இன்றும் என் கண்ணுக்குள் நிற்பது ஒரு கண்மைச் சிமிழ். பித்தளை, மூடி சற்று நெளிந்தது. அவள் மை இடுவதை எப்போதோ விட்டுவிட்டாள். கியூபெக்கில் நாங்கள் குடியிருந்த கோட்-டெ-நெய்ஜ் பகுதிக் காற்றில் பஸ்ஸுக்கு நின்றால் கண்ணில் தண்ணீர் வடிந்துகொண்டே இருக்கும், மை எங்கே நிற்கும்? ஆனாலும் சிமிழ் குளியலறைத் தட்டில் இருந்தது. பனிக்காலத்துச் சனிக்கிழமை ஒன்றில் அது காணாமல் போனது. ஞாயிற்றுக்கிழமை பார்த்தால் பழைய இடத்திலேயே இருக்கிறது. அடுத்த வாரமும் அப்படியே. மூன்றாம் வாரம் அக்கா மூடியைத் திறந்து பார்த்தாள். யாரோ விரலை விட்டு ஆழமாகத் தோண்டியிருந்தார்கள். வீட்டில் இருந்ததே மூன்று பேர். நான் மை இடுவதில்லை. மிச்சம் அத்தான். சனிக்கிழமைகளில் மேலதிக வேலை என்று சொல்லிக் காலையிலேயே வெளிக்கிட்டுப் போகிற அத்தான்.

“புள்ள, இந்த மனுசன் என்ட மையைக் கொண்டுபோய் ஆருக்கு இடுறார்?” என்று அக்கா என்னிடம் கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். கீழ்மூலைத் தெப்பனர் கடையில் பால் வாங்கும்போது கல்லாவில் நிற்கும் பெண்ணுக்கு ஒரு ‘பொன்ஜூர்’ சொல்லவே தரையைப் பார்க்கிற மனிதர் அவர். ஆனால் அக்கா சிரிக்கிற நிலையில் இல்லை. இரண்டு வருடமாக அவள் எதற்குமே சிரிக்கவில்லை. எட்டு வயது மகளை மட்டக்களப்பில் அத்தானின் தங்கையிடம் விட்டுவிட்டு வந்தவள். மூன்று பேருக்குத்தான் வழி கிடைத்தது. அகதி விசாரணையில் எங்களை ஏற்றுக்கொண்டால் பிள்ளையைக் கூப்பிடலாம். ஏற்காவிட்டால் பிள்ளை இருக்கும் இடத்துக்கே நாங்களும் போகவேண்டியதுதான். எங்கள் மூவரின் வழக்கும் ஒன்றாகப் பதிவாகியிருந்தது. அத்தானின் கதைதான் அதன் முதுகெலும்பு.

அந்தக் கதை இது. அத்தான் மட்டக்களப்பு நகரத்தில் தையல் இயந்திரம் திருத்துகிறவர். சிறிய கடை, நல்ல பெயர். ஒருநாள் இராணுவம் வந்து, நீ இயக்கப் பெடியன்களுக்குத் துவக்குத் திருத்திக் கொடுக்கிறாய் என்று சொல்லி ஏற்றிக்கொண்டு போனது. கடையில் கிடந்த ஸ்பிரிங்குகளும் திருகாணிகளும்தான் அவர்களுக்குச் சான்று. பதினெட்டு நாள் வைத்திருந்து அடித்தார்கள். விட்டபோது அவரால் தேநீர்க் கோப்பையைத் தூக்க முடியவில்லை. எங்கள் விண்ணப்பத்தில் அவர் சொல்லி நான் எழுதிய வரி எனக்கு இப்போதும் மனப்பாடம்: ‘என் வாழ்நாளில் நான் துவக்கு ஒன்றையும் தொட்டதில்லை.’ அது சத்தியமான உண்மை. எழுதிய அன்று உண்மை.

ஞாயிறு மத்தியானம் அக்கா சோற்றுக் கோப்பைக்குப் பக்கத்தில் சிமிழையும் வைத்தாள். அத்தான் பார்த்தார். பொய் சொல்லத் தெரியாத முகம் அவருக்கு. சொல்லிவிட்டார். அவர் வேலை செய்தது புவாண்ட்-கிளேரில் ஒரு பண்டகசாலையில். அங்கே சாக்குத் தைக்கும் இயந்திரம் ஒன்று மாதக்கணக்காகச் சண்டித்தனம் பண்ணியது. அத்தான் சாப்பாட்டு இடைவேளையில் அதைக் கழற்றிப் பூட்டி ஓடவைத்துவிட்டார். அதைப் பார்த்துக்கொண்டு நின்ற சூப்பவைசர், பெரிய வயிறும் செம்பட்டை மீசையும் உள்ள கியூபெக்காரர், இவரைத் தன் வீட்டு நிலவறைக்குக் கூட்டிக்கொண்டு போய் மேசைமேல் இருந்ததைக் காட்டினாராம். வேட்டைக்காரர் அவர். பாகம் பாகமாக வாங்கி, இரண்டு வருடமாகத் தன் கையாலேயே கட்டிய துவக்கு. பொழுதுபோக்கு. நம்மவர்கள் கரம் போர்ட் செய்வதுபோல.

விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு வெடி. வெடித்த தோட்டாவின் வெற்றுக் கோதைத் தானே வெளியே தள்ளிவிட்டு அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் வகை. மூன்று வெடி ஒழுங்காக வெடிக்கும். நாலாவது ஏறாமல் கோணலாகச் சிக்கி நின்றுவிடும். எப்போதும் நாலாவதுதான். சூப்பவைசர் எதையெல்லாமோ மாற்றிப் பார்த்துவிட்டார். அத்தானுக்கோ அந்த ‘எப்போதும் நாலாவது’ என்ற சொல்லிலேயே பாதி விடை கிடைத்துவிட்டது. “எப்பவும் ஒரே இடத்தில நிக்குது எண்டால் பிழையும் ஒரே இடத்திலதானே இருக்கும்” என்றார் எங்களிடம், பிடிபட்டவர் என்பதை மறந்து, கண்ணெல்லாம் மினுங்க. தோட்டாக்களை மேலே தள்ளும் தகடு எங்கே உரசுகிறது என்று பார்க்கவேண்டும். அதற்குத்தான் மை. இரும்பில் மெல்லியதாகப் பூசி ஒருமுறை ஓட்டினால், உரசும் இடத்தில் மட்டும் அழிந்திருக்கும். ஊரில் தையல் இயந்திரத்துக்கும் அவர் அப்படித்தான் செய்வார். அக்காவின் மைக்கு அங்கேயும் ஆயுள் குறைவு. மருந்தில்லாத வெறும் தோட்டாக்களை வைத்து மூன்று சனிக்கிழமை ஓட்டிப் பார்த்திருக்கிறார். தோட்டாப் பெட்டியின் உள்பக்கம் கண்ணுக்கே தெரியாத ஒரு நெளிவு. நாலாவது தோட்டாவின் முறை வரும்போது தகடு அங்கே ஒரு கணம் தயங்குகிறது.

அக்கா சத்தம் போடவில்லை. எழுந்துபோய்த் திரைச்சீலையை இழுத்து மூடினாள். குழாயைத் திறந்துவிட்டாள். மூன்றாம் மாடியில், வெளியே முழங்கால் மட்டும் பனி கிடக்கும் ஊரில், யார் ஒட்டுக்கேட்கப் போகிறார்கள்? ஆனால் ‘துவக்கு’ என்ற சொல்லைக் கேட்டதும் எங்கள் கை தானாகச் செய்கிற வேலை அது. நானும் எழுந்து கதவுப் பூட்டைச் சரிபார்த்தேன் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

“அங்க செய்யாததுக்கு அடிவாங்கினீங்க. இங்க வந்து அதையே செய்யிறீங்களா?” என்று அக்கா கேட்டாள்.

அத்தான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். “அதுதான்,” என்றார். “செய்தாய் செய்தாய் எண்டுதானே அடிச்சவங்க. அது உள்ளுக்க எப்பிடி இருக்கும் எண்டு ஒருக்காப் பார்க்க ஆசை வந்திட்டு.”

இனிப் போவதில்லை என்று அக்காவிடம் கையடித்துச் சத்தியம் செய்தார். ஆனால் பனி உருகத் தொடங்கிய அடுத்த சனிக்கிழமையும் போனார். பாதியில் விட்டால் மரியாதை இல்லை, இது கடைசி என்றார். திரும்பி வந்தபோது மேலங்கியின் முன்பக்கம் முழுக்கச் சேறு. சரிவந்ததா என்று கேட்டேன். பூட்டிக் கொடுத்தாச்சு என்றார். பிறகு குளியலறைக்குள் போனவர் ஒரு மணித்தியாலமாக வெளியே வரவில்லை. சறுக்கி விழுந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு உண்மையிலேயே போகவில்லை.

விசாரணைக்கு வேலைத்தலத்திலிருந்து ஒரு கடிதம் வேண்டும் என்று எங்கள் சட்டத்தரணி கேட்டிருந்தார். சூப்பவைசர் சந்தோஷமாக எழுதி, உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்தார். இங்கேதான் நாங்கள் மட்டுமே விடக்கூடிய பிழையை விட்டோம். எங்கள் ஊரில் கிராம விதானையாரோ பாடசாலை அதிபரோ ஒருவருக்கு நற்சான்று கொடுத்தால் உறையை ஒட்டித்தான் கொடுப்பார். அதைப் பிரித்தால் சான்று செல்லாது. பிரித்தவனுக்குச் சந்தேகப் பார்வை வேறு. அதனால் அக்கா அந்த உறையைச் சாமிப்படத்துக்கு முன்னால் இரண்டு நாள் வைத்துவிட்டு, ஒரு மூலைகூடக் கசங்காமல் கொண்டுபோய்ச் சட்டத்தரணியின் காரியாலயத்தில் ஒப்படைத்தாள். அவர்கள் அதைக் கோப்பில் சேர்த்து விசாரணைக்கும் அனுப்பிவிட்டார்கள். எங்களுக்கு ஒரு நகல் தபாலில் வந்தது வெள்ளிக்கிழமை பின்னேரம். விசாரணை திங்கள் காலை.

நான் ஆஸ்பத்திரியில் தரை துடைத்துவிட்டு மாலையில் பிரெஞ்சு வகுப்புக்குப் போகிறவள். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உரக்க வாசிக்கத் தொடங்கினேன். நேரத்துக்கு வருவார், நேர்மையானவர், குடிப்பதில்லை. அக்கா தலையாட்டினாள். அடுத்த பந்தியில் என் குரல் நின்றுவிட்டது. நான் கட்டிய துவக்கின் பிழையை யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை, இவர் நாலே சனிக்கிழமையில் கண்டுபிடித்தார், ஆயுதத்தில் இப்படிக் கைபழகும் மனிதனை நான் பார்த்ததில்லை என்று எழுதியிருந்தது. பக்கம் முடிந்தது. கையெழுத்து எங்கே என்று யோசிக்கிற புத்தி எனக்கு அப்போது இருக்கவில்லை.

அந்தச் சனியும் ஞாயிறும் எப்படிப் போயின என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. சட்டத்தரணியின் தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. துவக்கு என்று எழுதினாலும் அது சாக்குத் தைக்கும் இயந்திரம்தான் என்று சொல்லிப்பார்ப்போமா என்று நான் கேட்டேன். இவ்வளவு முட்டாள்தனமான யோசனையைப் பயம் மட்டுமே தரும். அத்தான் மறுத்துவிட்டார். “அந்தாள் எழுதினது பொய் இல்லையே புள்ள. நான் ஒரு பொய் சொன்னால் மறுகா நான் சொன்ன உண்மையையும் நம்பமாட்டாங்க.” அக்கா மகளுக்கென்று வாங்கிவைத்திருந்த சிவப்புக் கம்பளிக் காலுறைகளைப் பெட்டிக்கு அடியில், கண்ணில் படாத இடத்தில் எடுத்து வைத்தாள்.

விசாரணை அறை சிறியது. எதிரே இரண்டு அதிகாரிகள், ஒரு ஆண், ஒரு பெண். மொழிபெயர்ப்பாளர் சென்னைக்காரப் பெண்மணி. ஆண் அதிகாரி கடிதத்தைத் தூக்கிப் பிடித்தார். “வாழ்நாள்ல துப்பாக்கியைத் தொட்டதே இல்லேன்னு எழுதியிருக்கீங்க. இந்த லெட்டர் வேற மாதிரி சொல்லுதேன்னு கேக்கறார்” என்றார் மொழிபெயர்ப்பாளர். அத்தான் எழுந்து நின்றார். எழவேண்டியதில்லை என்று சொன்னார்கள், அவர் உட்காரவில்லை. “எழுதினபோது தொட்டதில்லை. பேந்து... மறுகா இங்கதான் தொட்டனான். என்னை எதுக்கு அடிச்சாங்களோ, அது என்னெண்டு பார்க்கத்தான்.”

மொழிபெயர்ப்பாளர் அதைச் சொல்லி முடித்ததும் பெண் அதிகாரி கடிதத்தை வாங்கித் திருப்பினார். பின்பக்கமும் எழுத்து! நகல் எடுத்தவர்கள் முன்பக்கத்தை மட்டும் எடுத்திருக்கிறார்கள். “சுட்டுப் பாத்த அன்னிக்கு என்ன நடந்ததுன்னு கேக்கறாங்க” என்றார் மொழிபெயர்ப்பாளர். அத்தான் அக்காவைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். பெண் அதிகாரி பொறுத்துப் பார்த்துவிட்டுத் தானே வாசிக்கத் தொடங்கினார். மொழிபெயர்ப்பாளர் வரிவரியாகத் தமிழில் சொன்னார்.

சூப்பவைசர் எழுதியிருந்தார்: நகரத்துக்கு வெளியே மணல் வெளியில் நாங்கள் இருவர் மட்டும் நின்றோம். சுடப்போகிறேன் என்று அவரிடம் சொன்னேன். துவக்கைப் பூட்டிக் கொடுத்ததே அவர்தான். நான் ஒரு வெடி வெடித்தேன். அடுத்த கணம் அவர் என் கழுத்துப்பட்டியைப் பிடித்து இழுத்துச் சேற்றில் விழுத்தி, என் மேல் விழுந்து படுத்துக்கொண்டார். நான் அவரைப்போல இரண்டு மடங்கு பாரம். துவக்கு எங்கோ போய் விழுந்தது. முடிந்துவிட்டது, முடிந்துவிட்டது என்று நான் எத்தனையோ தரம் சொல்லும்வரை அவர் தன் இரண்டு உள்ளங்கையாலும் என் தலையை மூடி வைத்திருந்தார். பிறகு என்னிடம் மன்னிப்புக் கேட்டார். முப்பது வருடமாக வேட்டையாடுகிறேன். அந்தச் சத்தம் இன்னொரு மனிதனுக்கு என்ன என்று எனக்குத் தெரியாமல் இருந்துவிட்டது. அந்தச் சத்தம் இருக்கும் இடத்துக்கு இவரைத் திருப்பி அனுப்பவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மொழிபெயர்ப்பாளர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். அரை மணித்தியால இடைவேளைக்குப் பிறகு எங்களைக் கூப்பிட்டு, ஏற்றுக்கொண்டோம் என்று சொன்னார்கள். மூன்று பேரையும். ஒரு வசனம், அவ்வளவுதான். எனக்கு வந்தது சந்தோஷம்கூட இல்லை. இரண்டு வருடமாக இறுக்கிப் பிடித்திருந்த மூச்சு தன் பாட்டில் வெளியே போனது.

மகள் அடுத்த வருடம் வந்து சேர்ந்தாள். காலுறைகள் அவளுக்குச் சிறிதாகிப் போயிருந்தன. அவளுடைய பிள்ளைகள் இப்போது தங்களுக்குள் பிரெஞ்சில் சண்டை பிடிக்கிறார்கள். அக்கா நடுவில் புகுந்து மட்டக்களப்புத் தமிழில் தீர்ப்புச் சொல்கிறாள். அந்த வீட்டில் யாரும் திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டுக் கதைப்பதில்லை. இன்று அவர்களைப் பார்க்கும்போது, ஒரு தாளின் பின்பக்கத்தில் எழுதப்பட்டிருந்தவைதான் இவ்வளவும் என்று எனக்குத் தோன்றும். உடனே, இல்லை, அத்தானின் இரண்டு கைகள்தான் என்றும் தோன்றும்.

விசாரணை முடிந்த அன்று மெட்ரோவுக்கு இறங்கும் படிகளில் அக்கா நின்றுவிட்டாள். “ஏன் இதை எங்கிட்டச் சொல்லல்ல?”

“வெக்கமாப் போச்சு,” என்றார் அத்தான். “நானே பூட்டின துவக்கு. அதுக்கு நானே விழுந்தன்.”

அக்கா அவருடைய மேலங்கியின் பொத்தானைச் சரியாகப் போட்டுவிட்டாள். கொஞ்சம் பொறுத்து, “மறுகா, அந்தப் பிழை சரிவந்திட்டா?” என்று கேட்டாள்.

“ஆருக்குத் தெரியும்? நாலாவது வெடியிலதான் தெரியும். அந்தாள் ஒண்டுதானே வெடிச்சவர்.”

அக்கா சிரிக்கத் தொடங்கினாள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, வழியில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்க, கண்ணீர் வர வரச் சிரித்தாள். அந்த வாரச் சனிக்கிழமை காலை அவளே அத்தானுக்கு இடியப்பம் கட்டிக் கொடுத்து, காதுக்கு வைக்கப் பஞ்சும் கொடுத்து, புவாண்ட்-கிளேர் பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். பின்னேரம் கதவைத் திறந்தது நான்தான். மேலங்கியில் ஒரு பொட்டுச் சேறு இல்லை.

“இருபது வெடி,” என்றார் அத்தான், சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே. “ஒருக்காக்கூடச் சிக்கல்ல. முதலாவதுக்கு மட்டும் குந்திட்டன், புள்ள. மத்ததெல்லாம் நிண்டுதான் கேட்டன்.”